பெத்தினா என்ற கடுவன்

என் கடைசி மகள் மரபணுவின் வாயை அடைக்கும் வேலை பார்க்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். நான் காலமெல்லாம் வாயை அடைத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை.

அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தப்பிருந்தால் அவளைத் திட்டவேண்டாம்.

உடம்புக்குள் ஒவ்வொரு வேலைக்கும் மரபணு இருக்கிறது. அது வீட்டை விட்டு வெளியே வராத ஆள். என்ன வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பும். சீட்டு போய்ச் சேர்ந்தால் சாமான் தயாராகும். இவர்கள், அந்தச் சீட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு சின்னத் துண்டை உள்ளே விடுகிறார்கள். அது வழியிலேயே சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் உடம்பே அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். மரபணு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது சொல்வதுதான் யாருக்கும் எட்டவில்லை.

"எதுக்கும்மா அப்படி?" என்று கேட்டேன்.

"அது என்ன வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கத்தான்ப்பா. வாயை அடைச்சா எது நிக்குதோ, அதுதான் அதோட வேலை."

ஆள் யாரும் கை வைக்காமல் உடம்பு தானாகவே வாயை அடைப்பதும் உண்டாம். கறுப்பும் செம்பட்டையும் கலந்த பூனை அப்படித்தான். அந்த நிறத்தை வைத்திருக்கும் சரடு பெட்டைக்கு இரண்டு, கடுவனுக்கு ஒன்று. பெட்டை கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அடங்கிப் போகிறது. செம்பட்டை அடங்கிய இடத்தில் கறுப்பு வரும். கறுப்பு அடங்கிய இடத்தில் செம்பட்டை. ஆகவே இரண்டும் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். வெள்ளைக்கு வேறு காரணமாம். அது எனக்கு ஏறவில்லை.

இதை யாராவது நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அப்போது காஜா பெராங்கில் ஓர் அரிசிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி நம்மவர். அவர் மகளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. போய்க் கேட்டேன். அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மூட்டைக்குத்தான் சம்பந்தம் பேசுகிறேன் என்று அவர் நினைத்திருந்தாலும் குற்றமில்லை.

அவர் முடியாது என்று சொல்லவில்லை. கடையில் எலித் தொல்லை, நல்ல கடுவன் பூனையாகப் பார்த்துக் கொண்டு வா என்றார். பெட்டை வேண்டாம், அரிசிக்குள் குட்டி போட்டுவிடும். ஒரு வேலையை உருப்படியாகச் செய், பிறகு பேசலாம் என்றார்.

கம்போங் செட்டியில் ஒரு வீட்டில் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீட்டம்மா கெபாயா போட்டு சாரோங் கட்டியிருந்தார். நெற்றியில் திருநீறு. திருநீற்றைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்து தமிழில் பேசினேன். அவர்கள் வீட்டுப் பேச்சே மலாய் என்பது தோட்டத்திலிருந்து வந்த எனக்குத் தெரியாது. எனக்கிருந்த மலாய் அரிசிக்கும் சீனிக்கும் விலை சொல்வதோடு சரி. அந்தம்மா மூன்று நிறத்தில் ஒரு குட்டியைத் தூக்கி, "பெத்தினா" என்றார். நான் விழித்தேன். வாலைத் தூக்கிக் காட்டி மறுபடியும் மெதுவாகச் சொன்னார். வாலைப் பார்த்தேன். நல்ல வால். தலையாட்டினேன். பேர் வைத்து வளர்த்த பூனையைக் கொடுக்கிறாரே என்று மனசு நெகிழ்ந்துபோனது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் பெத்தினா, பெத்தினா என்று கொஞ்சிக்கொண்டு வந்தேன். பேச்சே வராதவனுக்கு அன்றைக்குப் பார்த்து ஏன் வந்ததோ. சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் இறங்கி நின்று பார்த்தார்.

முதலாளி பூனையைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. "கடுவன்தானே?"

"கடுவன்தான் முதலாளி. பேர்கூட வெச்சிருக்காங்க. பெத்தினா."

சாமான் வாங்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் அவர் மகள் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கீழே விழுந்தது. பிறகு சிரிப்பு. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"பெத்தினான்னா பெட்டைடா" என்றார் முதலாளி. "பேருலேயே பெத்து இருக்கு. அதுகூடவா உன் காதுல விழல?"

பூனையை அரிசி மூட்டைமேல் இறக்கி விட்டேன்.

அவர் என்னை புக்கிட் ரம்பாய்க்குப் போகச் சொன்னார். அங்கே தோட்டத்தில் என் அண்ணன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கிக்கொண்டிருந்தார். "நீ இல்லாட்டி இங்க என்ன நிக்குதுன்னு பாக்கிறேன். ஒண்ணும் நிக்கலேன்னா வராதே" என்றார்.

பூனையை வைத்துக்கொண்டார். பெட்டையை வைத்துக்கொண்டு கடுவனைத் துரத்திய கதை அது.

அண்ணனின் லயத்து வீட்டில் கிடந்தேன். லோரிக்காரர் ஒருவர் வந்து போகும்போது கடைச் செய்தி சொல்வார். புது ஆள் என்னைவிட வேகமாக மூட்டை தூக்குகிறானாம். வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துப் பேசுகிறானாம். வியாபாரம் கூடியிருக்கிறதாம். பூனையும் எலி பிடிக்கிறதாம். ஆக, என்னை அடக்கிப் பார்த்ததில் ஒன்றும் நிற்கவில்லை. நான் மரபணுவாக இருந்திருந்தால் என் மகளே என்னை வெட்டி வேலை என்று ஒதுக்கியிருப்பாள். நான் அண்ணனிடம் ஒரு வெட்டுக்கத்தி கேட்டு வாங்கி, மரம் வெட்டப் பழக ஆரம்பித்தேன். அதுவும் சரியாக வரவில்லை. மரத்தைக் காயப்படுத்துகிறாய் என்று கங்காணி திட்டினார்.

ஒருநாள் அதே லோரியில் முதலாளி வந்து இறங்கினார். அண்ணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். கடை நன்றாக நடக்கிறது என்றார். உன்னால் ஒரு குறையும் இல்லை என்றார். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ போனதிலிருந்து வீட்டுச் சோத்துல உப்பு இல்ல. ஏன்னு மகளைக் கேட்டா, உப்பு தீந்துபோச்சுங்கிறா. மூட்டை மூட்டையா உப்பு விக்கிறேன்டா நான்."

நான் வெட்டுக்கத்தியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"கடைக்கு நீ வேண்டாம். வீட்டுக்குத்தான் வேணும்போல இருக்கு. வர்றியா?"

அவர் கேட்டு முடிக்கும்போது நான் லோரியில் ஏறி உட்கார்ந்தாயிற்று.