மச்சானாக ஏறினேன், பங்காளியாக இறங்கினேன்

இன்று பெரம்பலூரில் நானும் செந்திலும் குன்னம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். காலேஜில் சேர்ந்த நாள் முதல் என்னை "மச்சான்" என்று மட்டுமே கூப்பிடுகிறவன் அவன்.

பஸ் கிளம்பும் நேரத்தில், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவன் தங்கை அதே பஸ்ஸில் ஏறினாள். லீவுக்கு வந்திருக்கிறாள். நான் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

செந்தில் அவசரமாக, "இவன் நம்ம பங்காளி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பங்காளி என்றால் ஒரே பாட்டன் சொத்தில் பங்கு உள்ளவன், ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவன். வரப்புச் சண்டைக்கும் அவன்தான் முதலில் வருவான். எனக்கும் இவனுக்கும் ஏது பங்கு?

"ஏன்டா, எப்பலேருந்து நான் ஒனக்குப் பங்காளி?"

"சும்மா வாயில வந்துட்டுது. விடு பங்காளி."

குன்னம் வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மச்சான் என்றால் பெண் கொடுக்கிற முறை. பங்காளி என்றால் இவன் தங்கை எனக்கும் தங்கை.

மூவரும் இறங்கினோம். "போயிட்டு வரேங்க" என்றாள் அவள்.

"அண்ணேன்னு சொல்லு" என்று செந்தில் முறைத்தான்.

அவள் காதில் விழாத மாதிரி நடந்தாள்.

இன்னமும் "மச்சான்" என்றே அழைக்கப்படும் நண்பர்களே, அழைக்கிறவனுக்குத் தங்கை இருக்கிறாளா? விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.