கூழில் விழுந்த கடுகு

மராத்தி பேசும் ஊரான தாபோடியில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்திவந்த சியாமளாவுக்குக் கொள்கை ஒன்று இருந்தது. சுதந்திரம் வந்த புதிதில் நாடு ரேஷன் கடை வாசலில் நின்ற கதையைப் புத்தகத்தில் படித்தால் பிள்ளைகள் மறந்துவிடும். நாக்கில் வைத்தால் மறக்காது. ஆகவே, அன்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது போன்ற சிவப்புச் சோளத்தை நகரின் மறுகோடியில் ஹடப்சரில் இருந்த மாட்டுத்தீவனக் கடை வரை போய்ப் பிடித்து வந்து, ஐம்பதுகளின் வீடுகளில் காய்ச்சியபடியே கூழ் காய்ச்சி, வகுப்பில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஒத்திகையெல்லாம் கணவர் கந்தசாமியின் வயிற்றில்தான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை 1998இல் கதவைச் சாத்தியதிலிருந்து, அந்த வயிறு முழுநேரமும் வரலாற்றுக்குக் கிடைத்தது.

"பஞ்சம்னாலும் ஒரு கடுகுகூடவா கிடைக்காது, சியாமளா?"

"பேசாம குடிங்க. ருசியா இருந்தா அது பொய்யாயிடும்."

சியாமளா பல வருடத் தற்காலிக ஆசிரியை. நிர்வாகத் தலைவர் வந்து வகுப்பைப் பார்த்து மெச்சினால் வேலை நிரந்தரம். இல்லையேல் கோடை விடுமுறையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

தலைவர் வரும் நாள் காலையில் கூழ் தயார். ஆனால் வருகிறவர் பெரிய மனிதர். விருந்தாளிக்கு வெறுங்கூழை நீட்டிப் பழக்கமில்லாத தமிழ்க் கை அது. கொள்கை சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, கறிவேப்பிலையும் பெருங்காயமும் பின்னாலேயே போய் விழுந்தன.

வகுப்பில் ஒரு முகமும் சுளிக்கவில்லை. தலைவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, அக்கால மக்கள் பட்ட துன்பம் என்ன என்று மராத்தியில் வினவினார். வகுப்பு யோசித்துப் பார்த்தது, ஒன்றும் தோன்றவில்லை. வகுப்பிலிருந்த ஒரே தமிழ்ப் பெண் ஜான்சி எழுந்து, சியாமளாவைப் பார்த்து மனதாரச் சொன்னாள்:

"இது டெய்லி கிடைச்சுதா டீச்சர்? அவங்க லக்கி."

'டெய்லி'யும் 'லக்கி'யும் தலைவருக்கே புரிந்தன. பிள்ளைகளுக்குத் தப்பான வரலாறு புகட்டப்படுவதாக அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வருத்தப்பட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. வரலாற்றுக்கு வேறொருவர் வந்தார். சியாமளா வீட்டில் மிச்சமிருந்த தீவனச் சோளத்தைக் காய்ச்சினார். எண்ணெய் டப்பா சில நாளாகவே கவிழ்ந்து கிடந்தது. வரலாற்று நோக்கில் அந்தக் கூழில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது.

கந்தசாமி கிண்ணத்தை வாங்கி, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். கடுகைப் பற்றிக் கேட்கவில்லை.