துடைத்துவிட்ட துரு

என்னிடம் ஒரு கார் இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் முதலில் மைலேஜ் கேட்பார்கள். கையில் எடுத்துக் காட்டினால் ரிமோட் எங்கே என்று கேட்பார்கள். ரிமோட் கிடையாது, ஓடாது, பார்ப்பதற்கு மட்டும்தான் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். லாரிகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்கு, ஓடாத வண்டியை ஒருத்தன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறான் என்பதை இன்றுவரை என்னால் விளங்கவைக்க முடியவில்லை. விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் செய்வது மசில் கார்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் ஓடியவை. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, லாரியையே இழுத்துவிடக்கூடிய எஞ்சின். அவற்றை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிறேன். பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வரும்தான். ஆனால் அவற்றை அப்படியே ஒட்டி வைத்தால் அது பொம்மை. அசல் காரில் எது எது எங்கே இருக்குமோ அதெல்லாம் அந்த அளவில் இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி தேடி அலைந்திருக்கிறேன். "எந்த மோட்டாருக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார். காருக்கு என்றேன். "இதைப் போட்டா வண்டி பத்திக்குமுங்க" என்று, காசை நீட்டியும் கம்பியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். நல்ல மனிதர். எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

கடைக்காரராவது வெளியாள். வீட்டில் என் அண்ணன் இருக்கிறார். எருமப்பட்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாசல், அடுத்தடுத்த வீடு. நான் கோழித்தீவன மில்லில் வேலைக்குப் போகிறேன். அவருக்கு இரண்டு லாரி, ஒரு டிராக்டர். நான் மேஜையில் குனிந்திருக்கும்போதெல்லாம் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் அந்தப் பொம்மைதானாடா?" என்பார்.

"பொம்மை இல்லீங்ணா" என்று நானும் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன். அளவைச் சொல்வேன். இருபத்துநாலில் ஒரு பங்கு என்றால் டயர் இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, கதவுக் கைப்பிடி ஒரு அரிசி நீளம். அரிசியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு போன் வந்துவிடும். லோடு ஏற்றியாச்சா, டோல்கேட் தாண்டியாச்சா என்று பேசிக்கொண்டே வெளியே போய்விடுவார். நான் செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொள்வேன்.

போன வருஷம் பெங்களூரில் இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அதில் துருப்பிடித்த பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு. என் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய நாலு பேர் முன்னால் அதை வைக்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அதற்காகவே ஒரு சிவப்புக் காரைச் செய்தேன். ஏதோ ஒரு கொட்டகையில் வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த மாதிரி. முதலில் துரு நிறம் பூசி, அதன்மேல் கல்லுப்பைப் பொடித்துத் தூவி, மேலே சிவப்பு அடித்து, காய்ந்த பிறகு உப்பை உதிர்த்தால் அங்கங்கே பெயின்ட் பெயர்ந்து துரு எட்டிப்பார்க்கும். கதவு இடுக்கில் மழைத்தண்ணீர் ஒழுகிய கறை வைத்தேன். எங்கள் காட்டுச் செம்மண்ணைப் பழைய வேட்டியில் சலித்து, மாவாக்கி, கண்ணாடியில் படியவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே தும்மல் வரும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஆயுத பூஜை வந்தது. அடுத்த வாரம் போட்டி.

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அழுக்கோடு ஒரு வண்டி நிற்பதென்பது, கல்யாண வீட்டுக்கு அழுக்கு வேட்டியோடு போவதற்குச் சமம். சைக்கிளைக்கூட விடமாட்டார்கள். கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினால்தான் பூஜை முடியும். காலையில் நான் பொரி கடலையும் வாழைக்கன்றும் வாங்க நாமக்கல் போய்விட்டேன். கடைவீதிக் கூட்டத்தில் நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. இரண்டு லாரி, டிராக்டர், என் பைக், அண்ணியின் ஸ்கூட்டி. கடைசியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் என் கார். பளபளவென்று இருந்தது. வாழைக்கன்றை அப்படியே கீழே போட்டேன்.

"யாரு இதத் தொட்டது?"

அண்ணன் கையில் துணியோடு சிரித்துக்கொண்டு வந்தார். "ஏன்டா தம்பி, பூச அன்னிக்கு வண்டிய இப்பிடியா வெச்சிருப்ப? ஒரே புழுதி. டீசல் போட்டுத் தொடச்சேன். துரு மட்டும் போவல. லாரிக்கு அடிச்ச செவப்பு மீதி இருந்துச்சு, டச்சப் பண்ணிட்டேன். கலரு மேட்ச் பாத்தியா?"

கலர் மேட்ச் ஆகியிருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கறை இல்லை, செம்மண் இல்லை, துரு இல்லை. ஷோரூமிலிருந்து நேற்றுத்தான் எடுத்த மாதிரி நின்றது சனியன்.

"அது நெசத் துரு இல்லீங்ணா! நான் வரைஞ்ச துரு!"

"துருவ எவனாச்சும் வரைவானாடா?"

கத்தினேன். மாதக்கணக்கான வேலை, பெங்களூர், போட்டி என்று என்னென்னவோ கத்தினேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. துணியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்தும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. புதிதாகச் செய்ய நாள் இல்லை, போட்டிக்குப் போக முடியாது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. அழுகை வந்தது, அதையும் கோபமாகவே காட்டினேன்.

"ஏனுங்க, நோம்பி நாளும் அதுவுமா கத்தாதீங்க" என்று என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "மாமா நீங்க போனதுல இருந்து அது மேலயே குனிஞ்சுட்டுக் கெடந்தாரு. எங்கிட்ட மஞ்சத்தூளு, கடுகெல்லாம் வாங்கிட்டுப் போயி..."

"கடுகு எதுக்கு?"

அவள் பக்கெட்டைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். காரின் நாலு டயருக்கும் முன்னால் மஞ்சள் புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. மஞ்சள் தடவிய கடுகு. டயருக்கு ஒன்று.

"எலுமிச்சம்பழம் வெச்சுப் பாத்தேன், வண்டியவே மறச்சுருச்சு" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். "சுண்டைக்காய் வெச்சேன், பூசணிக்காயாட்ட இருந்துச்சு. கதவுக் கைப்புடி ஒரு அரிசி நீளம்னு நீதான சொன்ன? அப்ப எலுமிச்சம்பழம் கடுகாட்டந்தான இருக்கோணும்? கடுகு கருப்பா இருக்குது, அதான் மஞ்சத் தடவுனேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்தத் துருவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் கத்துவதற்கு வாய் எழவில்லை. லாரிகளும் டிராக்டரும் தங்கள் பழங்களை நசுக்கி முடித்திருந்தன. என் கார் மட்டும் அப்படியே நின்றது.

"நீங்களே தள்ளியிருக்கலாமில்லீங்ணா?" என்றேன்.

"உன்ற வண்டிய நான் எப்பிடி சாமி எடுக்கறது? ஓனரு நீ வரோணுமில்ல."

கூரைமேல் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தள்ளினேன். பக்கெட் விளிம்பு வரை இடம் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணன் முன்னால் போய்க் குனிந்து, விழுந்தால் பிடிக்க ஒரு கையை நீட்டிக்கொண்டு, லாரிக்குக் குரல் கொடுப்பதைப் போலவே சத்தமாக, "ரைட், ரைட், வரலாம்" என்றார்.