பெருமாள்சாமி சொன்ன மைனஸ்

சங்கரன்கோவிலில் மிக்சி ரிப்பேர் பார்க்கிற பெருமாள்சாமியைத் தெரியுமா என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘பிளஸ் மைனஸ்’ பெருமாள்சாமி என்றால் பச்சைப்பிள்ளைகூடக் கடையைக் கைகாட்டும். புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்குப் போய்விடுவார். வெளியே வந்ததும், பக்கத்துக் கடையில் செல்போன் விற்கிற ஃபாரூக் போனைத் தூக்கிப் பிடிக்க, “மக்கா, பிளஸ் என்ன, மைனஸ் என்ன?” என்று ஆரம்பிப்பார். அதை ஃபாரூக் யூடியூபில் போடுவார். திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள்.

மனுஷனுக்குப் படம் பார்க்கத் தெரியும். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். வில்லன் எதற்குப் பழிவாங்குகிறான் என்பதை டைரக்டரே மறந்துபோயிருந்தாலும் இவர் ஞாபகமாகக் கேட்பார். ஊரான் வீட்டுக் குறையென்றால் அவருக்குக் கண்ணாடி வேண்டாம். தன் வீட்டு விஷயத்தில்தான் கண் அவிந்துவிடும்.

தன் வீட்டு விஷயம் என்பது மகள் மாரிச்செல்வி. பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுவதில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள். போட்டிக்குப் போகும்போது அவள் அம்மா கனகலட்சுமி, கோயில் புற்றுமண்ணைத் தாளில் மடித்து அவள் இடுப்பில் செருகி அனுப்புவாள். வயிற்றுவலியோ பயமோ, எங்கள் ஊரில் முதல் மருந்து அதுதான். செல்வி அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, விரலில் ஒட்டிய மிச்சத்தைத் தொண்டைக்குழியில் பூசிக்கொள்வாள். பிறகுதான் ஓடுவாள்.

படிக்கச் சென்னைக்குப் போனவள், சினிமாவில் நடிகைகளுக்குப் பதிலாகக் குதிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். பெருமாள்சாமி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “பொட்டப்பிள்ள கயித்துல தொங்குதது ஒரு பொழப்பாட்டி? ஊர்ல எவன் மூஞ்சில முழிப்பேன்?” என்று கத்திவிட்டு, அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். யாராவது விசாரித்தால், “தி.நகர்ல ஜவுளிக்கடையில பில் போடுதா” என்பார். வருஷம் முழுக்கச் சினிமாவைப் பற்றியே பேசுகிறவருக்கு மகள் சினிமாவில் இருப்பது அவமானம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

போன மாதம் ‘இடிமகள்’ என்று ஒரு படம் வந்தது. தலையில் இடி விழுந்தும் சாகாமல், அந்த இடியையே கைக்குள் வாங்கிக்கொண்ட ஒரு மின்வாரிய ஆபீஸ் பெண்ணின் கதை. இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி. பள்ளிக்கூட வேன் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றுக்குள் சாயப்போகிறது. கதாநாயகி பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நிற்கிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. குதிப்பதற்கு முன் வலது கை இடுப்புக்குப் போகிறது. அங்கிருந்து வாய்க்கு, வாயிலிருந்து தொண்டைக்கு. அப்புறம் குதிக்கிறாள்.

பெருமாள்சாமிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அது அவர் தட்டித் தூங்கவைத்த முதுகு. அத்தனை உயரத்திலிருந்து மகள் தலைகீழாக விழுவதைப் பார்த்து, நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். தியேட்டரே விசிலடித்தது. இவருக்கும் விசில் வாய்வரைக்கும் வந்தது. கூடவே, பக்கத்தில் எவனாவது கண்டுபிடித்துவிட்டானோ என்ற பயமும் வந்தது. மிச்சப் படத்தை அரைகுறையாகத்தான் பார்த்தார்.

வெளியே வந்ததும் ஃபாரூக் போனைத் தூக்கினார். பெருமாள்சாமி பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“மக்கா, பிளஸ் என்னன்னா, பொம்பளப்பிள்ளைக்குப் பவரு வந்த மறுநாளும் அவ ஆபீசுக்குத்தான் போறா. மேனேஜர் ஏசுதான், கேட்டுக்கிட்டு நிக்கா. அங்கனதான் கதை இருக்கு. சண்டையும் கம்ப்யூட்டர் வேலை இல்ல, கயிறு கட்டி நெசமாவே குதிச்சிருக்காவ. மைனஸ் என்னன்னா, ரெண்டாம் பாதில அவ அப்பன், பாட்டன் கதைய இழுஇழுன்னு இழுக்கான். வில்லன் உறுமுததோட சரி. கடைசில வேற ஒரு ஹீரோ வந்து அவளக் காப்பாத்துதான். அப்பொறம் இவ எதுக்குலே அந்த இடிய வாங்குனா?”

கூட்டம் கைதட்டியது. நியாயமான பேச்சுதான். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. கூட்டத்திலிருந்து பூக்கடைக் காசி கேட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, குதிக்கதுக்கு முந்தி வாயில என்னமோ வச்சாளே, அது புத்துமண்ணு மாதிரில்லா இருந்துச்சு? நம்மூர்ப் பிள்ளையா இருக்குமோ?”

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். “எம்மகதாம்வே” என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் ஜவுளிக்கடைப் பொய் வெளுத்துப்போகுமே! அவர் வாயில் வந்தது வேறு.

“புத்துமண்ணாவது, புளியங்கொட்டையாவது! பொகையில ஒதுக்குதாவே! அதையும் மைனஸ்ல சேத்துக்கிடுங்க!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஃபாரூக் அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டிப் போட்டார். பனவடலிசத்திரம்வரைக்கும் போனுக்குப் போன் தாவியது. ‘பொகையில இடிமகள்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கனகலட்சுமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புற்றுமண்ணை மடித்துக் கொடுத்து அனுப்பியவள் அவள். “நல்லாருக்கு” என்றாள். வேறொன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டு வைத்தாள். ரெண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூடச் சோறு இறங்கியிருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. செல்விதான். மகள் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் எழுவதற்குள், “அப்பாட்ட குடும்மா” என்ற குரல் அவருக்கே கேட்டது. வாங்கினார்.

“அப்பா, ரிவ்யூ பாத்தேம்ப்பா.”

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்த எடத்த வெட்டிருவோம்னுதாம்ப்பா சொன்னாவ. நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி வைக்கச் சொன்னேன். படத்துல எங்க மூஞ்சியும் தெரியாது, கடைசில பேரும் வேகமா ஓடிரும். எல்லாப் படமும் பாக்கியளே, இதப் பாத்தா நாந்தான்னு தெரிஞ்சுக்கிடுவியன்னு நெனச்சேன்.” உடனே அவளே பேச்சை மாற்றினாள். “தூரத்துலருந்துல்லா எடுத்துருக்காவ, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன செய்வீய? பரவால்லப்பா.”

தப்பித்துக்கொள்ள அவளே வழியைத் திறந்துவிட்டாள். “ஆமாட்டி, தெரியல” என்றால் முடிந்தது காரியம். பெருமாள்சாமி வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அந்த வழியில் போகாததுதான் என்பேன் நான். அவரோ, அந்த நேரத்தில் வீட்டுத் தரை பிளந்து தன்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்கிறார்.

“தெரிஞ்சுதுட்டி,” என்றார். “பாத்த ஒடனே தெரிஞ்சுது.”



“தெரிஞ்சுமாப்பா சொன்னீய?” என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஃபாரூக்கை இழுத்துக்கொண்டு அதே தியேட்டர் வாசலுக்குப் போனார். “குதிச்சது எம்மக மாரிச்செல்வி. அது புத்துமண்ணுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொகையிலன்னு சொன்னேன்” என்று போனைப் பார்த்துச் சொன்னார். ஃபாரூக்கும் அதைப் போட்டார். யாரும் அதைப் பரப்பவில்லை. பழைய துண்டுதான் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடிமகளையும் தூக்கிவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்கள்.

இப்போது யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், “சினிமாவுல குதிக்கா” என்கிறார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். கேட்கிறவர்கள் அவருக்கு மகளை நினைத்துத்தான் வெட்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

செல்வி அம்மாவோடு நாள் தவறாமல் பேசுகிறாள். போன் அடித்தால் பெருமாள்சாமி வெளியே போவதில்லை. கழற்றிப்போட்ட மிக்சி மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, துடைப்பதுபோலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். “அப்பாட்ட குடும்மா” என்று அவள் இன்னும் சொல்லவில்லை.