தொட்டில் மரத்தில் ஒரு காய்

என் தங்கை பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறாள். அவள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சந்தில், சின்ன அம்மன் கோயிலை ஒட்டி ஒரு மரம். பிள்ளை வரம் கேட்பவர்கள் அதில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டுவார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மூன்று முறை கரு கலைந்துபோன அவளும் ஒன்று கட்டினாள். நான் கிள்ளானில் உயிரியல் ஆசிரியை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் இல்லை.

மரம் நம்மூர் மரமே அல்ல. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வளர்வது. யாரோ அழகுக்கு நட்டது, எப்படியோ அம்மனுக்குச் சொந்தமாகிவிட்டது. கிளைகளிலிருந்து கயிறு கயிறாகக் காம்புகள் தொங்கும். அவற்றின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு, ஈரல் நிறத்தில் பூக்கள். பொழுது சாய்ந்தால்தான் விரியும். வாசனை என்று சொல்ல முடியாது, புளித்த மாவு நாற்றம். எல்லாம் வௌவாலுக்காக ஆன ஏற்பாடு. இலை தடுக்காமல் பறந்து வர இடம், பற்றிக்கொள்ளத் தடித்த இதழ், அடியில் தேன். தேனுக்குத் தலையை நுழைத்தால் உச்சந்தலையில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். விடிந்தால் பூ தரையில் கிடக்கும்.

அந்த மரம் வருஷக்கணக்கில் பூத்ததே தவிர, காய்த்ததில்லை.

“மரம் காய்ச்சா எனக்கும் தங்கும்க்கா,” என்பாள் தங்கை. யார் அப்படிச் சொன்னார்களோ. காலையில் விழுந்த பூக்களைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். அந்த மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறொரு மரத்திலிருந்து வரவேண்டும், பக்கத்தில் வேறு மரம் இல்லை. விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் வாய் நீளும் எனக்கு, அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் கை நீண்டுவிட்டது.

காஜாங்கில் ஒரு பூங்காவில் இதே மரம் உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை, பூ விரிந்ததும் மகரந்தத்தைச் சின்ன டப்பாவில் தட்டி எடுத்துக்கொண்டு கோமுட்டர் ரயிலேறினேன். கோயில் பூட்டியிருந்தது, சந்தில் ஆளில்லை. கைக்கெட்டிய பூவுக்குள் தூரிகையை விட்டுத் தடவினேன். மகரந்தம் பட்டதும் சூல்முடியின் இரண்டு உதடுகளும் மெல்ல மூடிக்கொண்டன. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காய் பிடித்தது. தங்கை போனில் கத்தினாள், சிரித்தாள், கூடவே அழுதாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

இரண்டு மாதம் கழித்துக் காப்பாரிலிருந்து செய்தி வந்தது. தங்கை புருஷனுக்குத் தூரத்துச் சொந்தம். பிரசவத்தில் தாய் போய்விட்டாள். பெண் குழந்தை, தத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். தங்கை புருஷன் பால் போத்தல் வரை வாங்கிவிட்டார். தங்கை மாட்டேன் என்றாள்.

“காய் தொங்குதுக்கா, நீயும்தானே பாத்த? எனக்குன்னு ஒண்ணு வரப்போவுது. இப்பப் போயி இன்னொருத்தர் பிள்ளைய தூக்குனா அம்மன் கோவிச்சுக்குவா லா.”

அன்றாவது சொல்லியிருக்கலாம். ‘காய் வெச்சது நான்டி.’ மூன்றே சொல். என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். குழந்தையை ரவாங்கில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

தங்கைக்கு இப்போது நாற்பத்தைந்து. அந்தக் காய் மாதக்கணக்கில் தொங்கித் தானாக விழுந்தது. அதைச் சாமி மேடையில் வைத்திருக்கிறாள். அவளுக்கு எதுவும் தங்கவில்லை. போன வாரம் போயிருந்தபோது கேட்டாள்.

“அக்கா, கோயில்ல தோட்ட வேலை பாக்குற அண்ணே சொன்னாரு, இந்த மரம் தனியா இருந்தா காய்க்காதாமே? வேற மரத்துலேருந்து வௌவால் மகரந்தம் கொண்டாரணுமாம். உண்மையா?”

“உண்மைதான்.”

“இந்தப் பக்கம் வேற மரமே இல்லியே.”

அவள் காயைக் கையில் எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

“அந்த வௌவால் எவ்ளோ தூரத்துலேருந்து வந்துச்சோ. பாவம், எனக்காக.”

காஜாங்கிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முறையும் விழுங்கிவிட்டேன்.