மகளுக்காகச் செய்த பாவசங்கீர்த்தனம்

2004 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறினோம், நானும் என் மகள் ஸ்டெல்லாவும். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் வேலைக்குப் போகும் என் மகன் சவரியின் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி அதற்காக விசுவாசம் சொல்லும் ஞானத்தாய் ஸ்டெல்லாதான்.

பேரளி தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள், தன்னால் ஞானத்தாயாக நிற்க முடியாதென்று. அவள் அறிவியல் டீச்சர். மனிதன் குரங்கு போன்ற உயிரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தவன் என்று பத்தாம் வகுப்பில் பாடம் நடத்துகிறாள். வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளை விசுவசிக்கிறாயா என்று சாமியார் கேட்டால் என்ன சொல்வதாம்?

"அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பேச முடியாதும்மா. பொய் சொல்லியா அந்தப் புள்ளையத் தூக்கணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கும் உரிமையாக ஒரு பிள்ளை இருக்கட்டும் என்றுதான் சவரி அவளைக் கேட்டிருந்தான். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். லாரிகள் வரிசையாகப் போயின. ரோட்டோரத்து வேப்பமரமெல்லாம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் சவரி எங்களைச் சுண்ணாம்புக்கல் தோண்டும் பள்ளத்துப் பக்கம் கூட்டிப்போனான். வேலியோரம் கிடந்த கல்லில் சிப்பிகள் ஒட்டிக் கிடந்தன. வரி வரியாக, இப்போதுதான் கழுவி வைத்தது போல. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால் இந்த ஊர் கடலாக இருந்ததாம். ஸ்டெல்லா குந்தி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"இதத்தான் அரைச்சு சிமெண்டாக்கி, மூட்டை கட்டி உன் ஸ்கூல் கட்ட அனுப்புறோம்" என்றான் சவரி. அவள் சிரித்தாள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோயிலில் சாமியார், வருகிறவர்கள் தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். சாமியார்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. நடுவில் தட்டி இருந்தால்தான் வாய் திறக்கும். அதனால் அங்கேயே போய் முழங்கால் போட்டேன். நான் படித்தது ஐந்தாவது. பரிணாமம் என்ற வார்த்தையை ஸ்டெல்லாவிடம் இரண்டு தடவை கேட்டு வைத்திருந்தேன். அதைச் சொல்லி, அதனால் விசுவாசத்தில் சந்தேகம் வந்துவிட்டது என்றேன்.

சாமியார் தட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். "இது உங்க சந்தேகமாம்மா?" என்றார்.

"இல்லைங்க சாமி, மகளோடதுங்க. அவ வர மாட்டேங்கிறா."

அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பு எந்த வழியாக, எத்தனை காலமாக உருவானது என்று ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லையாம். ஆன்மாவைக் கடவுளே தருகிறார் என்பதை மட்டும் விடக்கூடாதாம். கடவுள் உலகத்தைப் படைத்ததாக வேதத்தில் உள்ள ஆறு நாள் கடிகாரக் கணக்கு இல்லையாம்.

எனக்கு உயிர் வந்தது. இதை அவளிடமும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"இங்க கேட்டதை நான் வெளியில பேசவே கூடாதும்மா. வாசல்ல நின்னு சொல்லியிருந்தா இப்பவே போயிருப்பேன். இனி நீங்கதான் பேசணும். செபத்துக்குப் பதிலா உங்களுக்கு அபராதம் அதுதான்."

ஐம்பத்து மூன்று மணி செபமாலையைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லியிருந்தால்கூடச் சந்தோசமாகச் சொல்லியிருப்பேன். வீட்டில் கூட்டம், ராத்திரி வரை வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெல்லா சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து மடிப்பைப் பிடித்துவிட்டேன். தலையை நிமிர்த்தாமலே பேசினேன். பாதி மறந்துவிட்டது.

"எப்படி வந்தோம்கிறது ஒரு கேள்வியாம். யாரால வந்தோம்கிறது இன்னொண்ணாம். நீ நடத்துறது பொய் இல்லையாம்."

"யாரு சொன்னா?"

சொன்னேன். சேலைக்குக் குத்தும் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என் சந்தேகத்த நீ போய்ச் சொல்லி முழங்கால் போட்டியா?" பிறகு, "அப்ப ஆதாம் ஏவாள்?"

"அதுக்குள்ள முட்டி வலிச்சிடுச்சு. கேக்கலை."

அவள் பின்னைக் குத்திக்கொண்டாள். குனிந்து என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

பூசை முடிந்து ஞானஸ்நானம். குழந்தை ஸ்டெல்லாவின் கையில் இருந்தது. சாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டார். மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விசுவசிக்கிறேன்" என்றாள். தனியாக, பாடம் நடத்தும் குரலில்.

மூன்றரை மணி பஸ்ஸுக்குப் பையோடு கோயில் வாசலில் நின்றோம். பூட்டப்போன சாமியாரைப் பார்த்ததும், "ஒரு நிமிசம்மா, அந்த ஆதாம் ஏவாள்..." என்று ஸ்டெல்லா உள்ளே போனாள். எங்கள் ஊர்க் கோயிலில் பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வருகிறவள் அவள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், ஏறலையா என்று கேட்டார். அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். பரவாயில்லை, போங்க என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தேன். உள்ளே இரண்டு பேரும் பேசுவது வாசல் வரை கேட்டுக்கொண்டிருந்தது.