ஹார்ஷ்லிக்கு ஒரு எடுத்துக்காட்டு

என் வீட்டுக்காரர் அகராதி எழுதுகிறவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதி, அது எப்படிப் புழங்குகிறது என்று காட்ட ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். முப்பத்தோரு வருடமாக இதே வேலை. கேட்பவர்கள், "பெரிய படிப்பாளி போல" என்பார்கள். படிப்பாளிதான், யார் இல்லை என்றது? கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு மழையில் நனைந்து வருகிற படிப்பாளி.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாக்கியத்தை இட்டுக்கட்ட மாட்டார். 'அரசன் வேட்டைக்குப் போனான்' என்று எழுதச் சொன்னால், "எந்த அரசனை நான் பாத்தேன்?" என்பார். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, தானே செய்தது, அவ்வளவுதான் எழுதுவார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சொல்லுக்கு ஒன்றாக அவர் எழுதுகிற அட்டைகளைப் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பம் மொத்தமும் அந்த அகராதிக்குள் இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். பாலைப் பொங்கவிட்டது நான். மாடிப்படியில் வழுக்கி விழுந்தது என் தம்பி. ஓரிடத்தில், 'மனைவி முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்' என்று எழுதி அதையும் என்னிடமே படியெடுக்கக் கொடுத்தார். என்ன துணிச்சல் பாருங்கள்! முணுமுணுத்துக்கொண்டேதான் படியெடுத்தேன்.

ஜி எழுத்து முடிந்த சமயத்தில்தான் அது நடந்தது. ஒன்றரை வருட உழைப்பு, ஒரு தகரப் பெட்டி நிறைய அட்டைகள். அன்று அவர் முதலிலேயே கிளம்பிவிட்டார். எங்களுக்கு ஒரே மகள், ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில் பெட்டியை அவருடைய ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் உள்ளே பேச்சில் இருந்ததால், வாசல் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மதியம் பார்த்தால் மேசையில் பெட்டி இல்லை. கடைக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

பதினோரு பேர் வேலை செய்கிற அறை அது. அத்தனை பேர் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்.

"வெச்சேன்னு வாய் கூசாம சொல்றியே! பஸ்ல விட்டுட்டு வந்து பொய் வேற சொல்றியா?"

"இல்லப்பா. இந்த மேசையிலதான் வெச்சேன்."

"என் உழைப்பையே தொலைச்சிட்டு எதிர்த்துப் பேசாத. உன்னைப் பெத்ததுக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். வெளிய போ."

இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஐந்து நாளும் வேலை முடிந்து பஸ் டிப்போக்களில் ஏறி இறங்கினாள். ஆறாம் நாள் அவர் வந்து, "பெட்டி டிப்போவுல கிடைச்சிருச்சு. யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க" என்றார். ஆபீசிலும் அதையேதான் சொன்னார். மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நான் பொய்தான் சொல்லியிருக்கேன், இல்ல?" என்றாள். நான், பாவி, "சரி விடு, பெட்டிதான் கிடைச்சிருச்சே" என்றேன். அடுத்த மாதம் நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற இன்னொரு ஊர்க் கடைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு வீட்டுப் படி ஏறவில்லை. என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் சுருக்கமாக.

இரண்டு வருடம் போயிற்று. ஹெச் எழுத்தில் 'ஹார்ஷ்லி' வந்தது. கடுமையாக, ஈவிரக்கமில்லாமல் என்று பொருள். கண் கூசும்படி எரிகிற விளக்குக்கும் வரும், காதைக் குத்துகிற சத்தத்துக்கும் வரும். விளக்குக்கு ஆபீஸ் குழல்விளக்கை எழுதிவிட்டார். சத்தத்துக்கு எங்கள் வீட்டு இரும்புக் கேட். முதல் பொருளுக்கு மட்டும் வாக்கியம் வரவில்லை. ஒரு வாரம் அந்த அட்டை வெறுமையாகவே கிடந்தது. பதிப்பாசிரியர் பொறுமையிழந்து, "ஒரு சொல்லுக்கு இத்தனை நாளா? 'ஆசிரியர் கடுமையாகக் கண்டித்தார்'னு போட்டு அனுப்புங்க சார்" என்று போனில் கத்தினார். இவர் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடியும் அந்த வெறும் அட்டை முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். ஆங்கிலத்தில் ஒரே வரி, தமிழில் இப்படி வரும்: 'அவர் தன் மகளிடம் கடுமையாகப் பேசினார். தவறு அவளுடையது அல்ல.'

முதல் பாதியைப் படியெடுத்துவிட்டேன். இரண்டாவது பாதியில் பேனா நின்றுவிட்டது. நடக்காததை இந்த மனுஷன் எழுத மாட்டாரே.

"ஏங்க, இது என்ன?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி டிப்போவுலதானே கிடைச்சுது?"

"இல்ல." அவர் திரும்பவில்லை. "அன்னைக்கு நான்தான் மேசையிலேர்ந்து எடுத்து அலமாரி மேல பழைய பெட்டிகளோட வெச்சிருக்கேன். ஏதோ நினைப்புல. ஆறாம் நாள் என் கண்ணுலயே பட்டுச்சு."

"தெரிஞ்சுமா டிப்போன்னு சொன்னீங்க?"

"பதினோரு பேர் முன்னாடி திட்டிட்டேனே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் இருந்த அட்டைகளை எல்லாம் அள்ளி வீசினேன். முப்பது வருடத்தில் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். "நீயெல்லாம் ஒரு மனுஷனா? அரசன் வேட்டைக்குப் போனான்னு எழுதக் கை வராது, பெத்த பொண்ணப் பொய்க்காரி ஆக்க மட்டும் வாய் வருமா?" அவர் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்கினார். பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

"கிளம்புங்க" என்றேன். பத்தரை மணி பஸ்ஸில் ஏறினோம்.

மகள் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. எங்களைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அலமாரி, ஆறாம் நாள், டிப்போ, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் பைத்தியமோன்னு நெனச்சேன்பா" என்றாள். "வெச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா டிப்போவுல கிடைச்சிருக்கு. இப்பல்லாம் கடையில பீரோவப் பூட்டிட்டு நாலு தடவை திரும்பிப் போய்ப் பாக்கறேன். என்மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அவர் அழுதுவிட்டார். அவள் அழவில்லை.

"மன்னிச்சிரும்மா."

"இங்க நாலு சுவத்துக்குள்ள எதுக்குப்பா? எங்க திட்டினீங்களோ அங்க சொல்லுங்க."

எனக்குத் திக்கென்றது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. அந்த ஆபீசில் அவர் சொன்னதுதான் வேதம். இவர் எங்கே இதற்குச் சம்மதிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் இருப்பாங்க" என்றார்.

அன்று மாலையே அவள் எங்களோடு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை காலை மூவருமாக ஆபீசுக்குப் போனோம். பதினோரு பேரும் இருந்தார்கள், பதிப்பாசிரியரும் கதவருகில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் அந்த வாசல் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார். பெட்டியை எடுத்து வைத்தது தான்தான் என்று சொன்னார். டிப்போ கதை பொய் என்று சொன்னார். யாரோ இருமினார்கள். அதோடு அவர் தலையைக் குனிந்துகொண்டார். போதும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போக எழுந்தேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னார்.

"என் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். இரண்டு வருட அழுகை. பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.